நிற்கும்போது மட்டும் நடுக்கம்

அந்தக் காரின் இன்ஜின் ஆயிரத்து நூற்று ஆறு மணி நேரம் ஓடியிருந்தது. மடிக்கணினியைக் காரோடு இணைத்து, யாரும் திறந்து பார்க்காத ஒரு பக்கத்தைத் திறந்தபோது அந்த எண் வந்தது. அதற்குக் கீழே கார் போன தூரம் இருந்தது. நாற்பத்தொரு கிலோமீட்டர்.

வகுத்துப் பார்த்தேன். மணிக்கு முப்பத்தேழு மீட்டர். ஆமை இதைச் சுலபமாக முந்திவிடும். நத்தையோடு வேண்டுமானால் பந்தயம் விடலாம்.

லேசுப்பட்ட கார் இல்லை அது. கதவைச் சாத்தினால் சத்தம் வராது, ஒரு பெருமூச்சு வரும். எங்கள் சர்வீஸ் சென்டருக்கு நான்காவது முறையாக வந்திருந்தது. நான்கு முறையும் லாரியின் முதுகில் ஏறித்தான் வந்தது. புகார் ஒன்றே ஒன்று: இன்ஜினைப் போட்டு நிறுத்தி வைத்தால் நடுங்குகிறது.

புகார் என்று சொல்லக் கூடாது. எங்கள் இடத்தில் அந்தச் சொல்லுக்கு அனுமதி இல்லை. வாடிக்கையாளர் என்றால் விருந்தினர். அவர் சொல்வது புகார் அல்ல, ‘விருந்தினர் உணர்ந்தது’. கணினியில் அதற்குக் கீழே ‘காரணம்’ என்று இருக்கும். பொருள், பெட்ரோல், பணியாளர் என்று மூன்று கட்டங்கள். ஏதாவது ஒன்றில் டிக் போட்டால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. நான்காவது கட்டம் கிடையாது. விருந்தினர் எதற்கும் காரணமாக இருக்க முடியாது என்பது நிறுவனத்தின் நம்பிக்கை.

முதல் முறை பொருள் என்று டிக் போட்டு, இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுன்ட்களை மாற்றினார்கள். இரண்டாம் முறை பெட்ரோல். பெட்ரோல் வண்டி காரின் சொந்தக்காரர் வீட்டுக்கே வந்து ஊற்றிவிட்டுப் போகிறதாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டு, அந்த வண்டியை மாற்றச் சொன்னார்கள். மூன்றாம் முறை மறுபடியும் பொருள். மவுன்ட், பிளக் எல்லாம் புதிது. ஒவ்வொரு முறையும் இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டு நடுக்கம் திரும்பி வந்தது. இனி மிச்சம் இருந்தது பணியாளர் கட்டம்தான். அதில் டிக் போட்டால் கணினி பெயர் கேட்கும். பெயருக்கு உரியவர் மறுநாள் காலையிலிருந்து வாட்டர் வாஷ் பிரிவுக்குப் போக வேண்டும்.

பெயருக்கு உரியவர் சித்தப்பா. அவர் யாருக்குச் சித்தப்பா என்று யாருக்கும் தெரியாது. தலைமை மெக்கானிக். போன வருஷம் ஆள் குறைந்தபோது ஒரு மாதம் வாஷில் நின்றார். ஈரத்திலேயே நின்று இரண்டு முட்டியும் வீங்கி, பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்.

“என்ன பாப்பா, உன் பெட்டி என்ன சொல்லுது?” என்றார்.

“வண்டி ஓடவே இல்ல சித்தப்பா.”

“ஓடாமயா பிளக்கு அடுப்புக்கரி மாதிரி ஆச்சு?”

“இன்ஜின் ஓடியிருக்கு. வண்டி நின்னுட்டே இருந்திருக்கு.”

நெற்றியில் தட்டிக்கொண்டார். “அட, பாவம் அந்தப் பெட்ரோல்காரன். என்ன பேச்சு பேசிட்டேன் அவனை!”

நின்ற இடத்திலேயே மணிக்கணக்கில் ஓடும் இன்ஜினில் சூடு போதாது. கரி எரிந்து போகாமல் படியும். ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் தடுமாறும். கார் முழுவதும் நடுங்கும். இதற்கு மருந்து புதுப் பொருள் இல்லை. நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் விரட்டி ஓட்டினால் போதும்.

மேலாளரின் அறைக்குப் போய் இதைச் சொன்னேன். எங்கள் மேலாளர் குரலை உயர்த்தியதே இல்லை. விலை ஏற ஏறக் குரல் இறங்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அந்தக் கார் விஷயத்தில் அவர் பேசுவது கிட்டத்தட்ட காதிலேயே விழாது.

“விருந்தினர்தான் காரணம்னு சொல்றியாம்மா?”

“நான் சொல்லல சார். எண்ணு…”

“அந்தக் கட்டம் எங்க இருக்கு, காட்டு.”

“இல்ல சார்.”

“இல்லாத கட்டத்துல எப்படிம்மா டிக் போடறது?”

“நாமளே ஒரு மணி நேரம் ஓட்டிப் பாத்துட்டா…”

“அவரைத் தவிர ஒருத்தரும் ஓட்டக் கூடாதுன்னு எழுதியே குடுத்திருக்கார். இன்னிக்கு அவரே வர்றார். ஓட்டச் சொல்லு. நடுக்கம் போயிடுச்சுன்னு கையெழுத்துப் போட்டா சரி. இல்லன்னா சாயந்திரம் சித்தப்பா பேரைப் போட்டு முடிச்சிடலாம்.”

மதியத்துக்கு மேல் விருந்தினர் வாடகைக் காரின் பின் சீட்டிலிருந்து இறங்கினார். டைல்ஸ் வியாபாரி. ஐம்பது வயது இருக்கும். கறுப்புக் கண்ணாடி தலைமேல் ஏறியிருந்தது. இரண்டு கையிலும் தோல் கையுறை. பந்தயக் காரோட்டிகள் போடுவது.

நேராகப் போய் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து இன்ஜினைப் போட்டார். நான் சுற்றும் நடுக்கமும் அளக்கும் கருவியோடு பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தேன்.

“ஸ்டீரிங்ல கைய வைங்கம்மா. கடியாரத்துல பதினொண்ணு இருக்குமே, அங்க. ஒரு சிலிர்ப்பு வருதா?”

“வருது சார்.”

“ஏ.சி. போட்டா அது தொடைக்கு இறங்கும். ஹெட்லைட்டையும் போட்டா முதுகுக்கு ஏறும். பாருங்க.”

போட்டார். இறங்கியது. ஏறியது.

“இப்ப இன்ஜின் நிமிஷத்துக்கு அறுநூத்தம்பது சுத்து இருக்கும் சார்” என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

“அறுநூத்து நாப்பது.”

கருவியைப் பார்த்தேன். அறுநூற்று நாற்பது. அந்தக் கருவியை வாங்க நிறுவனம் ஓர் ஆளை வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்தது. இவரைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கலாம். நின்றுகொண்டிருக்கும் காரைப் பற்றி இந்த மனிதருக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

“ஓடறப்போ எப்படி சார் இருக்கு?”

“ஓடறப்போ…” கையுறையின் பொத்தானைக் கழற்றி மறுபடி மாட்டினார். “ஓடறப்போ என்ன, ராஜா மாதிரி.”

அவருடைய கைபேசி காரின் ஸ்பீக்கரில் அடித்தது.

“மாமா, எங்க இருக்கீங்க?” அவர் மனைவியின் தம்பியாக இருக்க வேண்டும்.

“வண்டி ஓட்டிட்டு இருக்கேன் மாப்ள. ஹைவே.”

“ஆமா, இன்ஜின் சத்தம் கேக்குது. என்ன வேகம்?”

“நூத்திருபது.”

முன்கண்ணாடிக்கு அப்பால், கை நீட்டினால் எட்டும் தூரத்தில், ஸ்பேனர்கள் சுவரில் அளவு வாரியாகத் தொங்கின. ஒன்றும் பின்னால் போகவில்லை.

“ஒரு நாள் அக்காவக் கூட்டிட்டு நம்ம வீட்டுப் பக்கம் வாங்க மாமா. கார் வாங்கி வருஷம் ஒண்ணாச்சு, வாசல்ல இன்னும் டயர் படல. டிரைவர் வெச்சு ஓட்டறவன் எல்லாம் ஆம்பளையான்னு என்னைக் கேட்டீங்க. என் டிரைவரு அதுக்காகவே உங்களப் பாக்கணுங்கறான்.”

“வர்றேன் மாப்ள. வண்டிக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்ல.”

“நூத்திருபதுல போகுதே?”

“சுரங்கப்பாதை வருது மாப்ள, லைன் கட்டாயிடும்.”

கட்டாகிவிட்டது. அவர் என் பக்கம் திரும்பவில்லை. “பிசினஸ்ல இதெல்லாம் இருக்கும்மா” என்றார். நான் தலையாட்டினேன். எந்த பிசினஸ் என்று கேட்கவில்லை.

“சார், வண்டியில ஒரு கோளாறும் இல்ல” என்றேன்.

அவர் முகம் வாடியது. பெரிய வியாதி என்று நம்பிப் போனவரிடம் டாக்டர் வெறும் வாயு என்று சொன்னதுபோல.

“ஒண்ணுமே இல்லையா?”

“கரிதான் சார். ஒரு மணி நேரம் ஹைவேல ஓட்டினா போயிடும். இப்பவே போலாம். நீங்க ஓட்டுங்க, நான் அளக்கறேன்.”

“இப்பவா?” காலைப் பார்த்தார். “இந்த ஷூவுக்கு பெடல் சரியா பிடிபடாதும்மா.”

“மெதுவா போலாம் சார்.”

“கண்ணாடி வேற கொண்டு வரல.”

அவர் தலைமேல் இருந்ததைப் பார்த்தேன். அவரும் மேலே தொட்டுப் பார்த்துக்கொண்டார். “இது வேற கண்ணாடி” என்றார். “அதோட, ஹைவேல இப்போ நெரிசல் எப்படி இருக்கோ.”

இப்போதுதானே அங்கிருந்து பேசினீர்கள் என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். வெளியே சித்தப்பா ஷட்டரை முழுவதும் தூக்கிவிட்டு, வாங்க வாங்க என்று இரண்டு கையாலும் வழி காட்டிக்கொண்டிருந்தார். கார் அசையவில்லை. டைல்ஸ்காரர் சீட்டை முன்னால் தள்ளினார். பின்னால் தள்ளினார். பக்கக் கண்ணாடியை மடக்கினார், விரித்தார்.

மேலாளர் டேப்லெட்டோடு வந்து ஜன்னல் பக்கம் குனிந்தார். ஜன்னல் பெருமூச்சோடு இறங்கியது.

“நீங்க எதுக்கு சார் சிரமப்படணும்? பணியாளர் தவறுன்னு போட்டு இன்னிக்கே முடிச்சிடறேன். ஆளையும் மாத்திடறோம்.”

“யாரை?”

“இவரைத்தான்.”

சித்தப்பா காட்டிக்கொண்டிருந்த கைகளை இறக்கினார். “மூணு தடவை மாட்டினேன் சார். மூணும் ஒழுங்காத்தான் மாட்டினேன். சரி, நாளைக்கு வாஷுக்கு அனுப்புங்க, டயரைப் பளபளன்னு தேச்சுத் தர்றேன். ஓடாத டயரு, அழுக்கு என்ன பெருசா இருக்கப் போகுது.”

“மரியாதை” என்றார் மேலாளர், உதடு அசைவது மட்டும் தெரியும்படி.

“அவர் மேல தப்புன்னு நான் சொல்லலயே” என்றார் டைல்ஸ்காரர்.

“நீங்க சொல்லவே வேண்டாம் சார். நாங்க பாத்துக்கறோம்.”

டைல்ஸ்காரர் ஜன்னலை ஏற்றிக்கொண்டார். சித்தப்பா சுவரில் கை ஊன்றி ஒரு முட்டியை நீவிவிட்டுக்கொள்வது கண்ணாடி வழியே தெரிந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“அம்மா, நீங்க ஓட்டுங்களேன். நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். கையெழுத்து நான் போடறேன்.”

“எனக்கு ஓட்டத் தெரியாது சார்.”

முழுதாக என் பக்கம் திரும்பினார். “கார் கம்பெனிலதானே வேலை பாக்கறீங்க?”

“ஆமா சார்.”

“இவங்களுக்கெல்லாம் தெரியுமா?”

“சேர்ந்த அன்னிக்கே சொல்லிட்டேன்.”

“சிரிச்சாங்களா?”

“சித்தப்பா சிரிச்சார். ரொம்ப நேரம். அப்புறம் மதியம் சாப்பிடக் கூப்பிட்டார்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான் சார்.”

அவர் இன்ஜினை அணைத்தார். காரின் நடுக்கம் நின்றது. கையுறைகளை ஒவ்வொரு விரலாக இழுத்துக் கழற்றி முன்னால் வைத்தார். வெளியே மேலாளரின் விரல் டேப்லெட்டுக்கு மேல் நின்றது. ஜன்னல் இறங்கியது.

“கொஞ்சம் இருங்க. அவர் ஒழுங்காத்தான் மாட்டியிருக்கார். இந்த வண்டி தினமும் மூணு மணி நேரம் எங்க அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்ல இன்ஜினைப் போட்டு நிக்குது. நான் உள்ள உக்காந்து போன் பேசறேன்.”

“தாராளமா சார். அது உங்க விருப்பம்” என்று முணுமுணுத்தார் மேலாளர்.

“விருப்பம் இல்லய்யா!”

அந்தக் கட்டடத்தில் நான் கேட்ட முதல் உரத்த குரல் அதுதான். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் வெள்ளை சோபாக்களில் இருந்த விருந்தினர்கள் எல்லாரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். அவர் அவர்களைப் பார்த்தார். சித்தப்பாவைப் பார்த்தார்.

“எனக்குக் கார் ஓட்டத் தெரியாது.”