வலது குதிகாலுக்கு ஒரு முடிவு

1

இந்தக் கதை ரொட்டிக்கடையில் கிடைத்தது. எஷ்டர்நாக் என்ற எங்கள் ஊரில், தெருமுனைக் கடையில் வேலை செய்யும் ஜோசெட், ஒரு காலைத் தூக்கிக் கொக்கு மாதிரி நின்று ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தாள். காரணம் கேட்க எனக்குக் கூச்சம். அவளுடைய தங்கை லெயோனி வந்து உரக்கக் கேட்டாள். நான் ஜாம் பாட்டில்களைப் படிப்பதுபோல் நின்றுகொண்டேன்.

முதலில் எழுதிய தொடக்கம்: "வலி என்பது உடல் எழுதும்..." வேண்டாம். வலி எதையும் எழுதுவதில்லை.

2

பெந்தெகொஸ்தே திருநாள் கழிந்த செவ்வாயன்று எங்கள் ஊர் ஊர்வலமாகக் குதித்துக்கொண்டே புனிதரின் கோயிலுக்குப் போகும். வரிசைக்கு ஐந்து பேர், கைக்குட்டை முனைகளைப் பிடித்தபடி. ஜோசெட் நடு ஆள். வயிற்றுப் பிள்ளையோடுகூட ஒரு வருடமும் தவறவிட்டதில்லை.

இந்த வருடம் வலது குதிகாலில் எலும்பு முள்போல் வளர்ந்திருந்தது. குதிகாலுக்குப் பின்னால் இருக்கும் நீர்ப்பையும் வீங்கியிருந்தது. எலும்பு மருத்துவர் செருப்புக்குள் வைக்கும் சிலிக்கோன் அட்டை, ஐஸ், கெண்டைக்கால் பயிற்சி, ஓய்வு என்றார். லெயோனி அழைத்துப்போன ஹோமியோபதிக்காரி சர்க்கரை உருண்டைகளைத் தந்து, காபியை நிறுத்தச் சொன்னாள். ஜோசெட் இரண்டையும் செய்தாள்.

3

"காபி குடிச்சியாக்கா?"

"மோந்து பார்த்தேன்."

"மோந்தாலே மருந்து கெட்டுடும்!"

"சர்க்கரையத்தான் நம்பணும்னா கடையில கேக் இருக்கே," என்றான் ஜோசெட்டின் கணவன் ஜெம்பி.

"அத்தான், உங்க டாக்டர் குடுத்த அட்டை மட்டும் என்னத்தைக் கிழிச்சுது?"

வலி குறைந்தது. ஜெம்பியும் லெயோனியும் ஆளுக்கொரு வெற்றி கொண்டாடினார்கள்.

(ஒரே குதிகாலில் இத்தனை வைத்தியம் செய்தால் எது வென்றது என்று சொல்ல வழியில்லை. இந்த வலி நாளாவட்டத்தில் தானாகவும் தணியும். அந்த உருண்டையில் மருந்தின் மூலக்கூறு ஒன்றாவது மிஞ்சியிருக்குமா என்பதும் என் சந்தேகம். கடையில் சொல்லத் தைரியமில்லை. அடைப்புக்குறிக்குள் கொஞ்சம் தைரியம் வருகிறது.)

4

குணமாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஜோசெட் அடுப்புக்குப் பின்னால் போய்க் குதித்துப் பார்த்தாள். எங்கள் ஊர்க்காரர்கள் அப்படித்தான் சோதிப்பார்கள். நீர்ப்பை மறுபடி வீங்கியது.

"சர்க்கரை தோத்துடுச்சு."

"அட்டைதான் தோத்துச்சு, அத்தான்."

"குதிச்சது நான். ரெண்டு பேரும் வாயை மூடுங்க!"

மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: ஊர்வலத்தில் குதித்தால் கோடை முழுக்கக் கடையில் நிற்க முடியாது.

5

எழுதிப் பார்த்த முடிவுகள்:

ஜோசெட் ஓரத்தில் உட்கார, ஜெம்பி நடுவில் குதிக்கிறான். (லெயோனி என்னை மன்னிக்க மாட்டாள்.)

கோயில் வாசலில் வலி மாயமாகிறது. (அந்தப் பெருமைக்கு மருத்துவர், ஹோமியோபதிக்காரி, புனிதர் மூவரும் அடித்துக்கொள்வார்கள்.)

கடையை இழுத்து மூடிவிட்டு அவள்... தெரியவில்லை.

நடந்ததை மட்டும் சொல்கிறேன். செவ்வாய்க் காலை, குதிகாலில் உராயாத, பின்பக்கம் இல்லாத செருப்போடு ஜோசெட் ஊர்வலத்துக்கு வந்தாள்.

"தள்ளு, உனக்குப் பதிலா நான் நிக்கிறேன்," என்றான் ஜெம்பி.

"நீ தப்புக் கால்ல ஆரம்பிச்சு எல்லாரையும் கவுத்துருவ. போய் பீர் குடி."

"கோடை முழுக்க என்னடி பண்ணுவ?"

அவள் கைக்குட்டை முனைகளைப் பிடித்தாள். கைக்குட்டைகள் இறுகின. லெயோனி தன் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். உருண்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வாத்தியம் ஆரம்பித்தது. முதல் குதி இடது காலில். பிசகில்லை.

அடுத்தது வலது. அதை நான் எழுதப்போவதில்லை. அவள் இப்போது அந்தரத்தில் இருக்கிறாள். நீங்களே இறக்கிவிடுங்கள், மெதுவாக.