பாதை பிரியும் இடத்தில்

மலைப்பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் முன்னால் போகிறவன் நிற்க வேண்டும். பின்னால் வருகிறவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் பைக்கை எடுக்க வேண்டும். மூன்று நண்பர்களும் பத்து வருஷமாக மீறாத சட்டம் அது. தையல்காரன்கூட எலெக்ட்ரீஷியனுக்காக அங்கே நின்றுவிட்டுத்தான் கிளம்பினான். எலெக்ட்ரீஷியனுக்குத்தான் பொறுமை இல்லை. குளிர் எலும்பைத் துளைத்தது. பின்னால் வர வேண்டிய 'நத்தை' பேருக்கேற்றபடி வந்தபாடில்லை. 'அவன் என்ன பச்சைக் குழந்தையா?' என்று முணுமுணுத்துக்கொண்டே மேலே டீக்கடைக்குப் போய்விட்டான்.

"அவன் எங்கடா?" என்றான் தையல்காரன்.

"பின்னாடியே வர்றான். பார்த்துட்டுத்தான் கிளம்பினேன்" என்று வாய் கூசாமல் புளுகினான்.

அதற்கப்புறம் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எழுந்து எழுந்து பார்த்தான். இரண்டு மணி நேரம் கழித்து, தேடப் போகலாம் என்று இருவரும் எழுந்தபோது நத்தையின் பைக் வந்து நின்றது. முட்டியில் பேண்ட் கிழிந்து ரத்தம், உள்ளங்கையெல்லாம் முள். எலெக்ட்ரீஷியனைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொண்டான். தொண்டை கட்டிப்போய்க் காற்றுதான் வந்தது.

"பாதை பிரியற இடத்துல உன்னைக் காணோம்டா. நீயாவது, நிக்காம போறதாவது! பள்ளத்துல விழுந்துட்டியோன்னு இறங்கித் தேடினேன். உன் பேரைச் சொல்லிக் கத்திக் கத்தி..."

தையல்காரன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எலெக்ட்ரீஷியன் பக்கம் திரும்பினான். எலெக்ட்ரீஷியன் நத்தையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.