சம்பூர்ணத்தின் கோபத்துக்கு ஒரு மாத்திரை

நல்லதம்பியின் கரும்பு பதின்மூன்று மாதமாகி, பூவும் எடுத்துவிட்டது. இன்னும் பத்து நாள் போனால் எடை நிற்காது. ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்தபாடில்லை. போன வருஷமும் இதே கதைதான். அப்போது அவர் மனைவி சம்பூர்ணம் கரும்பு ஆபீசுக்குப் போய்ப் பத்தே நிமிஷம் கோபமாகப் பேசினாள். மறுநாளே வெட்டு ஆட்கள் வந்து இறங்கினார்கள்.

இந்த வருஷம் அது நடக்காது என்பது நல்லதம்பியின் கணிப்பு. ஆறு மாதமாக அவள் பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறாள். வீடு தேடி வந்து கொடுக்கும் நர்ஸ் புவனேஸ்வரி முதல் நாளே விளக்கியிருந்தாள்: "கோவமோ பயமோ வந்தா ஒடம்புல ஒண்ணு சுரந்து நெஞ்ச வெரட்டுமுங்க. இந்த மாத்திரை அத நெஞ்சுகிட்ட அண்ட வுடாது. துடிப்பு நெதானமாவும், பிரஷர் எறங்கும். ஆனா திடீர்னு மட்டும் நிறுத்திராதீங்க, நெஞ்சு தறிகெட்டு ஓடும்."

நல்லதம்பி காதில் விழுந்தது கோபம் என்ற ஒரு சொல்தான். அன்றிலிருந்து அவள் அவரைத் திட்டவேயில்லை. மோட்டாரை அணைக்க மறந்து வயலே முழுகியபோதுகூட, "சரி வுடுங்க" என்றாள். மாத்திரை கோபத்தைத் தின்றுவிட்டது என்று முடிவு கட்டினார்.

ஆகவே நம் புத்திசாலி மாத்திரை அட்டையை எடுத்து மடியில் செருகிக்கொண்டார். "தீந்துபோச்சு, டவுனுக்குப் போறப்ப வாங்கியாரேன்" என்றார். மூன்றாம் நாள் அவளை பஸ் ஏற்றி ஆபீசுக்கு அழைத்துப் போனார்.

ஆபீசர் பிரேம்குமார் தலை நிமிராமல், "அடுத்த மாசம் பாப்பம்" என்றார். நல்லதம்பி ஆவலோடு மனைவியைப் பார்த்தார். அவள் எழுந்தாள். முகமெல்லாம் வேர்த்து, மேசையைப் பிடித்த கை நடுங்கியது.

"என்னமோ நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கிதுங்க" என்றாள்.

கரும்பு எக்கேடு கெட்டாலும் போகட்டும் என்று ஆகிவிட்டது நல்லதம்பிக்கு. அட்டையை உருவி, "இந்தா புள்ள, மொதல்ல இதப் போடு" என்று நீட்டினார். அழுதேவிட்டார்.

சம்பூர்ணம் அட்டையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். ஆபீசரின் தண்ணீரை எடுத்து மாத்திரையை விழுங்கினாள். "எதுக்கு ஒளிச்சீங்க?"

"நீ கோவப்பட்டாத்தானே கரும்பு வெட்டுவாங்க."

பெஞ்சில் அரைமணி சாய்ந்திருந்தாள். படபடப்பு அடங்கியது. பிறகு ஆரம்பித்தாள். கை நடுங்கவில்லை, ஒரு சொல்கூட இடறவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் செய்த கூத்தையெல்லாம் வரிசையாகச் சொல்லித் திட்டினாள். பக்கத்து அறை ஆட்கள் வந்து நின்று கேட்டார்கள். அத்தனையும் நல்லதம்பிக்குத்தான் என்றாலும், அடுத்தது யார் என்று ஆபீசருக்குப் புரிந்தது. அவள் தண்ணீர் குடிக்க நிறுத்திய இடைவெளியில் உத்தரவில் கையெழுத்துப் போட்டு நீட்டிவிட்டார்.

அங்கிருந்து நேராகப் பெரம்பலூர் பெரியாஸ்பத்திரி. பிரஷர் பார்க்கும் வரிசையில் நல்லதம்பி மெல்லக் கேட்டார்: "மாத்திரை போட்டும் கோவம் வருதே. அப்பறம் ஆறு மாசமா ஏன் ஒண்ணுமே சொல்லல?"

"எனக்குப் பிரஷர்னு சொன்ன அன்னைக்கு, நான் செத்துருவேன்னு நெனச்சு கெணத்தடியில நின்னு அழுதீங்க. பாத்தேன். இந்த மனுசனப் போயி திட்டிக்கிட்டு கெடந்தமேன்னு இருந்திச்சு."

நல்லதம்பி டீ வாங்கி வருவதாக எழுந்தார்.

"எங்கயும் போவ வேணாம், பக்கத்துலயே உக்காருங்க" என்றாள் சம்பூர்ணம். "இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு."