மூன்று பெயிண்ட் டப்பா

"ஆன்ட்டி, இது உங்க செடியா, செங்கம்மா செடியா?"

மாடி வீட்டு மேகலாவின் பெண், ஆறு வயது ப்ரீதா, போன நவம்பரில் கேட்ட கேள்வி இது. தில்லி மயூர் விஹார் வீட்டு வாசலில் இருந்த கையகலத் தோட்டத்தில் சியாமளா அப்போது லில்லிக் கிழங்கு நட்டுக்கொண்டிருந்தாள். "யார் மண்ணுல இருக்கோ அவா செடி" என்று சிரித்தபடியே மண்ணைத் தள்ளி மூடினாள்.

கிழங்குகள் வேலைக்கு வரும் செங்கம்மாளுடையவை. ஜங்புராவில் ஒரு வீட்டார் குப்பையில் போட இருந்ததை வாங்கி, தமிழர்கள் இருந்த மதராசி கேம்ப்பில் தன் குடிசை வாசலில் மூன்று பெயிண்ட் டப்பாக்களில் ஏழு வருஷம் வளர்த்தவள் அவள். கேம்ப்பை இடித்த அன்று சட்டி பானையை மகனிடம் விட்டுவிட்டு, டப்பாக்களோடு ஆட்டோவில் சியாமளா வீட்டு வாசலில் வந்து இறங்கினாள்.

"குடிசைக்குப் பதிலா நரேலாவுல நாலாவது மாடியில வீடு குடுத்திருக்காங்க. ஒரு வழி பண்ற வரைக்கும் இங்க இருக்கட்டும்மா. என் வாசல்ல மிஞ்சினது இதுதான்."

சியாமளா நல்ல மனசோடுதான் வாங்கி வைத்தாள். நாளாக ஆக, அது அடைக்கலப் பொருள் என்பது மறந்துபோயிற்று.

மார்ச் கடைசியில் பூத்தது. வாசனை கேட்டைத் தாண்டித் தெருமுனை வரை போயிற்று. பங்குனி உத்திரத்துக்கு முருகனுக்குத் தன் தோட்டத்து லில்லி என்று கோவிலில் சொல்லியும் வைத்துவிட்டாள். உத்திரத்துக்கு முதல் நாள் காலை எழுந்து பார்த்தால், நன்றாக மலர்ந்திருந்த நான்கு தண்டுகளை யாரோ அடியோடு வெட்டியிருந்தார்கள்.

ஒன்பது மணிக்கு, இரண்டு பஸ் மாறி, செங்கம்மாள் வந்தாள். அவள் முந்தானையில் காவி நிறத்தில் மகரந்தக் கறை. சியாமளாவுக்கு அது போதுமாக இருந்தது.

"வா. என்ன விலைக்குப் போச்சு?"

"எதும்மா?"

"சுவாமிக்குன்னு வெச்ச பூ. பொய் சொல்றதுன்னா புடவையையாவது மாத்திண்டு வரணும்."

கேட்டில் காவலாளி நின்றான். மேகலா மாடிப்படியில் பாதியில் நின்றுவிட்டாள். செங்கம்மாள் முந்தானையைப் பார்த்தாள்.

"இது நேத்து பட்டது. பூவெல்லாம் கறையாவும்னு மகரந்தத்தக் கிள்ளிப் போட்டேன். தொவைச்சும் போவல." குனிந்து, வெட்டுப்பட்ட இடத்தைத் தொட்டாள். அவள் குரல் தாழ்ந்தது. "நான் எடுத்திருந்தா பூவ மட்டும் எடுத்திருப்பேன். தண்டோட இலையும் போச்சுன்னா கெழங்கு பட்டினி கெடக்கும்னு உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?"

"நாக்கு ரொம்ப நீளறது."

"என் பூவ நானே திருடுனேன்னு சொல்றீங்க. இதக் கேக்கத்தான் இம்மாந்தூரம் வந்தேன் போல." வீட்டுச் சாவியைச் சுவரின்மேல் வைத்தாள். "ஜல்தி வேற ஆளப் பாத்துக்குங்க."

"போ, போ" என்று அவள் முதுகைப் பார்த்துச் சியாமளா கத்தினாள். கோபத்துக்கு அப்போது அவ்வளவு ருசி இருந்தது.

மத்தியானம் போனைத் திறந்தாள். மத்திய அமைச்சகத்தில் வேலை பார்க்கும் கணவர் பத்மநாபன் குடும்ப வாட்ஸாப்பில் ஒரு படம் போட்டிருந்தார். ஓய்வு பெறும் அதிகாரியின் மேஜைமேல், கண்ணாடி ஜாடியில், நான்கு தண்டு லில்லி. கீழே: 'நம்ம தோட்டத்துப் பூ. நீ தூங்கிண்டிருந்தாய், எழுப்பவில்லை.'

சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுமுன் கேட்டாள். "யாரைக் கேட்டு வெட்டினேள்?"

"நம்ம தோட்டத்துல வெட்ட யாரைக் கேக்கணும்? எங்க வாங்கினதுன்னு ஆபீஸ்ல எல்லாரும் கேட்டா, தெரியுமோ?"

"அது நம்மளோடது இல்லை" என்று அவள் போட்ட கூச்சலில் மாடி ஜன்னல் திறந்தது. கத்திய பிறகுதான் அந்த வார்த்தை அவள் காதிலேயே விழுந்தது. ப்ரீதாவுக்கு நவம்பரிலேயே சொல்லியிருக்க வேண்டிய பதில். அதன்பின் கணவர்மேல் கோபம் நிற்கவில்லை. திரும்பி அவளையே சுட்டது.

மறுநாள் காவலாளியிடமும் மேகலாவிடமும் போய், "செங்கம்மா எடுக்கலை, தப்பு என்னோடது" என்று சொன்னாள். செங்கம்மாள் போனை எடுக்கவில்லை. மிச்சப் பூவைப் பறிக்கக் கை வரவில்லை. அன்றுதான் உத்திரம்; சன்னிதியில் வெறுங்கையோடு நின்றாள். சுவாமி ஒன்றும் கேட்கவில்லை.

பூத்த கையோடு கிழங்கை எடுக்கக் கூடாது; இலை பழுக்கக் காத்திருக்க வேண்டும். அதுவும் செங்கம்மாள் சொன்னதுதான். மே கடைசியில் தோண்டினாள். வெட்டுப்பட்ட நான்கும் பூண்டுப் பல்லாய்ச் சுருங்கியிருந்தன. மற்றவை குட்டி போட்டிருந்தன. ஒன்றைக்கூடத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல், அதே மூன்று டப்பாக்களில் காய்ந்த மண் போட்டு எல்லாவற்றையும் புதைத்தாள்.

விலாசம், அவள் நரேலாவுக்குப் போனதும் போலீஸ் வெரிஃபிகேஷனுக்காக வாங்கி வைத்த காகிதத்தில் இருந்தது. அதைக் கையில் எடுத்தபோது கூசிற்று.

நரேலாவில் லிஃப்ட் ஓடவில்லை. ஒவ்வொரு டப்பாவாக, மூன்று தடவை நாலு மாடி ஏறினாள். வேலை நேரம்; செங்கம்மாளின் கதவு பூட்டியிருந்தது, நடையில் ஆளில்லை. வெயில் படாத மூலையாகப் பார்த்து டப்பாக்களை வரிசையாக வைத்தாள். சீட்டு எதுவும் எழுதவில்லை.

ஒரு டப்பாவில் மண் விலகி, சின்னக் கிழங்கு ஒன்று வெளியே தெரிந்தது. அதை விரலால் உள்ளே அமுக்கி, மண்ணை மூடிவிட்டு, படி இறங்கினாள்.