ஸ்டிக்கர் ஒட்டாத பீஸ்

"கோழி வறுவல்ல உப்பு கம்மின்னுதானுங்க சொன்னேன், அதுக்குப் போயி..."

"உப்பு மட்டுமா? தேங்காய்ச் சில்லு பெருசு, வெங்காயம் கருகிப்போச்சு..."

"கருகித்தான இருந்துது! கருகுனதைக் கருகலைன்னு சொல்லச் சொல்றீங்களா?"

"காய்ச்சல்ல கெடக்கறாளேன்னு அடுப்புகிட்ட ரெண்டு மணி நேரம் நின்னனே, அதுக்கு ஒரு வார்த்தை..."

"அதுக்குன்னு தலகாணியத் தூக்கிட்டுப் போயி நாப்பது நாளா கம்பெனி மாடியில படுத்துக்கறதா? ஒறம்பரை சனம் கேட்டா நான் என்னங்க சொல்றது?"

"அண்ணே, செத்த இருங்க. அக்கா, நீங்களுந்தான்" என்றாள் வேல்விழி.

அவிநாசி ரோட்டில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடி அது. வேல்விழி விருதுநகர்ப் பக்கத்துப் பெண். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசவிடுகிற கவுன்சிலிங்தான் அவள் படித்த படிப்பு, செய்கிற வேலை. எதிரே சோபாவில் மோகன்ராஜ் அந்த ஓரம், மதுமதி இந்த ஓரம். நடுவில் இன்னொரு ஆள் தாராளமாக உட்காரலாம்.

கோயமுத்தூரில் படிக்கிற மகள் சத்யப்பிரியாதான் போனிலேயே நேரம் வாங்கிவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் போகலீன்னா நான் லீவுக்கு ஊட்டுக்கே வரலை" என்று மிரட்டியிருந்தாள். ஊருக்குச் சொன்னது பல்வலி. மதுமதியின் மாமியார் நஞ்சம்மாள் மட்டும் நம்பவில்லை. "புருசனுக்கும் பொண்டாட்டிக்கும் ஒரே நாள்ல பல்லு வலிக்கற சீக்கை இப்பத்தான் கேள்விப்படறேன், சாமி" என்றாள்.

இது மூன்றாவது வாரம். அவன் பைக்கில் வருவான், அவள் பஸ்ஸில் வருவாள். பகலெல்லாம் அனுப்பர்பாளையத்தில் அவர்களுடைய சின்ன பனியன் கம்பெனியில் ஒரே கூரைக்கடியில்தான் வேலை. அவன் துணி வெட்டுகிற கட்டிங், அவள் தைத்த பீஸில் குறை தேடுகிற செக்கிங். பொழுது சாய்ந்தால் அவள் வீட்டுக்கு, அவன் மாடிக்கு. இப்படியே அவனுக்குப் பழகிப்போய்விடுமோ என்பதுதான் மதுமதியின் பயம். அதைச் சொல்லத்தான் ஒவ்வொரு வாரமும் படியேறி வந்தாள். வாயைத் திறந்தால் உப்பும் வெங்காயமும்தான் வந்தது.

"போன வாரம் ஒரு வேலை குடுத்தேன்ல? ஒருத்தர் செய்றதை ஒருத்தர் கவனிச்சு எழுதிட்டு வரணும்னு. எடுங்க பார்ப்போம்."

மோகன்ராஜ் சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்தான். திங்கள், டிபன் பாக்ஸை என் மேசையில் வைத்தாள், ஒன்றும் பேசவில்லை. செவ்வாய், அதே. புதன், அதே. வியாழன், முட்டை இருந்தது.

வேல்விழி சிரிப்பை அடக்கிக்கொண்டு மதுமதியின் தாளை வாங்கினாள். கம்பெனியில் செக்கிங் ரிப்போர்ட் எழுதுகிற அச்சடித்த தாள். கட்டம் கட்டமாக எழுதியிருந்தது. செவ்வாய், காலர் மடங்கிக் கிடந்தது. புதன், போனை எடுக்கவில்லை. வியாழன், பாக்ஸைக் கழுவாமல் கொடுத்தார். கடைசிக் கட்டத்தில் கையெழுத்தும் தேதியும்கூட இருந்தன.

"என்னக்கா இது, நல்லதா ஒண்ணுகூட இல்லையே?"

"நல்லதை எதுக்குக் கண்ணு எழுதோணும்?" மதுமதிக்கு நிஜமாகவே விளங்கவில்லை. "பீஸ் நல்லா இருந்தா இந்தப் பக்கம் தள்ளிட்டுப் போயிட்டே இருப்போம். ஓட்டையோ கறையோ இருந்தாத்தான் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவோம். இருபத்திரண்டு வருசமா அப்படித்தான பாக்கறேன்."

"அப்ப, ஸ்டிக்கர் ஒட்டாமத் தள்ளி விட்டதெல்லாம் அண்ணனுக்கு எப்படித் தெரியும்?"

மதுமதி எட்டித் தன் தாளின் கட்டங்களை இன்னொரு முறை பார்த்தாள்.

"அண்ணே, ஏன் மாடிக்குப் போனீங்கன்னு நீங்க அக்காகிட்டயே சொல்லுங்க. அக்கா, பதில் பேசக் கூடாது. அவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லணும், அம்புட்டுதான்."

மோகன்ராஜ் ஜன்னலைப் பார்த்தான். பிறகு மதுமதியைப் பார்த்தான். "என்ன செஞ்சாலும் உங்கிட்ட நான் பாஸாக மாட்டேன்னு தோணிப்போச்சு. அதான் போயிட்டேன்."

"என்ன செஞ்சாலும் என்கிட்ட..." என்று தொடங்கியவளுக்கு, அந்தச் சொற்கள் தன் வாயில் ஏறியபோதுதான் கனம் தெரிந்தது. "என்கிட்ட நீங்க பாஸாக மாட்டீங்கன்னு தோணிப்போச்சு. அதான் போயிட்டீங்க."

மதுமதி சோபாவில் அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அந்தக் கோழி வறுவலை நான் என்ன பண்ணினேன்னு தெரியுமாங்க?" என்றாள் மதுமதி. "நீங்க போனதுக்கப்பறம் சட்டியோட வெச்சு வழிச்சுத் தின்னேன். காய்ச்சல் வாய்க்கு அம்புட்டு ருசி."

"அடிப்பாவி!"

"எங்கம்மா செத்தப்ப கம்பெனியைப் பூட்டிப்போட்டுப் பல்லடத்துல பதினாறு நாளும் என்கூட இருந்தீங்க. ஆர்டர் கைவிட்டுப் போச்சுன்னு ஒரு நாளும் சொல்லிக் காட்டலை. எனக்குக் கை வெந்தப்ப புள்ளைக்கு ஒரு மாசம் சடை பின்னி விட்டீங்க. கோணல் வகிடுதான், இருந்தாலும்..."

"பாருங்க, கோணல்ங்கறா!"

மூன்று பேருமே சிரித்துவிட்டார்கள். சிரித்து முடித்ததும் அவன் தன் கைகளையே பார்த்துக்கொண்டு சொன்னான். "என் மேலயும் தப்பு இருக்குதுங்க. பனியன் வாங்கற எந்தப் பையர் என்ன குறை சொன்னாலும் ஓகே சார்னு முழுங்கிப் பழக்கம். ஊட்லயும் அப்படியே சரின்னுட்டு நவுந்து போயிருவேன். இது எனக்கு நோகுதுன்னு ஒரு நாளும் இவகிட்டச் சொன்னதில்லை."

"இப்பச் சொன்னீங்கல்ல, அண்ணே. இனி வீட்டுலயும் சொல்லுங்க. அடுத்த வாரமும் வாங்க, ஒரு நாள்ல எல்லாம் சரியாயிராது" என்றாள் வேல்விழி. "அக்கா, அடுத்த தாள்ல செக்கிங் ரிப்போர்ட் வேண்டாம். வெள்ளைத் தாள் எடுங்க."

கீழே இறங்கியதும் மதுமதி பஸ் ஸ்டாப் பக்கம் இரண்டு எட்டு வைத்தாள். "ஏம்புள்ள, டீ குடிச்சுட்டுப் போலாம்" என்றான் பின்னாலிருந்து.

எதிர்ப்பக்க பேக்கரியில் சூடாகத் தேங்காய் பன் வந்திருந்தது. ஒன்றை வாங்கி இரண்டாகப் பிய்த்தான். பாதி சிறிது, பாதி பெரிது. பெரியதை அவள் பக்கம் தள்ளினான். பன் ஓரத்தில் கொஞ்சம் தீய்ந்திருந்தது. அவள் பார்த்தாள். கடித்து, மென்று, விழுங்கினாள்.

"மங்கலத்துல இருந்து துணி நாளைக்கு வந்துரும். அடுத்த மாசம் வேலை ஓடும்" என்று அவன் ஏதேதோ சொல்லிக்கொண்டே போனான். நாற்பது நாளாக அவளிடம் இத்தனை வார்த்தை பேசியதில்லை. அவள் டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தாள். சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதே என்றிருந்தது.

காலி டம்ளரை வைத்துவிட்டு அவன் பைக் சாவியை எடுத்தான். கம்பெனிக்கா, வீட்டுக்கா என்று அவன் சொல்லவில்லை. கேட்டுவிடலாம். கேட்டால் குற்றம் சாட்டுவது போல ஆகிவிடும். இருபத்திரண்டு வருஷத்தில் சொல்லியிராத ஒன்றைத் தேடி எடுத்து, டீ மாஸ்டர் திரும்பிப் பார்ப்பதைக்கூட லட்சியம் பண்ணாமல் மதுமதி சொன்னாள்:

"ஏனுங்க, நீங்க ஊட்ல இருந்தா எனக்கு நெம்ப நல்லா இருக்குதுங்க."