உப்பில்லாச் சோறு

அசோக்குமார் சாப்பிட்டுவந்த லித்தியம் மாத்திரைக்கு ஒரு குணம் உண்டு. சாப்பாட்டில் உப்பும், உடம்பில் தண்ணீரும் குறைந்தால் சிறுநீரகம் அந்த மருந்தை வெளியே விடாது. உள்ளேயே சேர்ந்துகொண்டு போகும். சேர்ந்தால் அதுவே விஷம். திண்டுக்கல்லுக்கு வெளியே இருந்த அந்தத் தனியார் மனநல மருத்துவமனையின் ஆண்கள் வார்டு நர்ஸ் பிரிஸ்கில்லாவுக்கு இது தெரியும். படித்த காலத்தில் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கிய விஷயம்.

அவன் செம்பட்டிப் பக்கத்துப் பூ விவசாயி. சித்திரை வெயிலில் தூக்கம் போய், பறித்த மல்லிகையைக் கூடை கூடையாகச் சாலையில் போகிற பஸ்களுக்குள் வீசிக்கொண்டிருந்தவனைத் தம்பி அழகுராஜா கயிறு கட்டிக் கொண்டுவந்து சேர்த்திருந்தான். வந்த அன்றே அசோக்குமார் பிரிஸ்கில்லாவின் முகத்தில் துப்பினான். வார்டே கேட்கும்படி “கருவாட்டு மூஞ்சி” என்றான். அதற்குப் பிறகு அவள் முதுகுக்குப் பின்னால் அந்தப் பெயரைச் சொல்லாத ஊழியர் இல்லை.

துணைக்கு இருந்தவள் அவன் அம்மா சரஸ்வதி. கூட இருப்பவர்கள் சமைத்துக்கொள்ள மருத்துவமனைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அங்கே அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தபோதுதான் பிரிஸ்கில்லாவிடம் சொன்னாள்.

“கருப்பனுக்கு நேந்திருக்கேன் சிஸ்டரு. இவனுக்குப் புத்தி தெளியிற வரைக்கும் உப்பில்லாச் சோறுதேன். எனக்கும் சேத்து. தொட்டுக்கிற வெஞ்சனத்துலயும் போடுறதில்ல.”

பிரிஸ்கில்லா வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

போன வருடம் தற்கொலைக்கு முயன்ற ஒரு நோயாளியின் கழுத்தில் கிடந்த மந்திரித்த கயிற்றை அவள் கழற்றினாள். கழற்றத்தான் வேண்டும், வார்டு விதி அது. அவள் கிறிஸ்தவள் என்பதால் அவன் சொந்தக்காரர்கள் “வேதக்காரி எங்க சாமியக் கழட்டுறா” என்று வாசலில் கூட்டம் கூட்டினார்கள். மேனேஜர் எல்லார் முன்னாலும் அவளை மன்னிப்புக் கேட்கவைத்தார். அன்றோடு அவள் சாமி விஷயத்தில் கை வைப்பதை விட்டுவிட்டாள்.

“உங்க சாமி, உங்க இஷ்டம்மா” என்று சொல்லிவிட்டு வந்தாள். டாக்டரிடமும் சொல்லவில்லை. சொன்னால் டாக்டர் வந்து தடுப்பார், சொன்னது யார் என்ற பேச்சு வரும்.

சில நாட்களில் அசோக்குமார் அடங்கினான். ராப்பகலாகப் பாடிக்கொண்டிருந்த பாட்டு நின்றது. பிறகு பக்கத்துக் கட்டில்காரரின் ஊறுகாயைத் திருடத் தொடங்கினான். சரஸ்வதி அவன் கையிலேயே அடித்துப் பிடுங்கினாள். மத்தியானத்தில் மின்விசிறி நின்று வேர்த்துக் கொட்டியபோது தன் முழங்கையை நக்கிக்கொண்டிருந்தான். வார்டு சிரித்தது.

“ஏலே, பூனையாடா நீ?” என்றான் பார்க்க வந்திருந்த அழகுராஜா. “பாலு ஊத்தட்டுமா?”

“உப்பு” என்றான் அசோக்குமார். “சிஸ்டர், செத்த உப்பு.”

“முகத்துல துப்புனப்ப வாயில இருந்துச்சில்ல” என்றாள் பிரிஸ்கில்லா. அதற்கும் சிரித்தார்கள்.

அடுத்து அவன் கை நடுங்கியது. டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதித் தண்ணீர் சட்டையில் போனது. லேசான நடுக்கம் இந்த மாத்திரைக்குச் சகஜம். இது லேசானதல்ல என்பது அவளுக்குத் தெரிந்தது. ஆனால் இவன் நாக்குக்கு அடியில் மாத்திரையை ஒளித்துவைத்து ஜன்னல் வழியாகத் துப்புகிறவன், நடிப்பில் கெட்டிக்காரன். தண்ணீரைக் கொட்டிக்கொள்ளட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றாள். வாரம் இருமுறை மதுரையிலிருந்து வரும் டாக்டர் போனில் கேட்டார்.

“அந்தச் செம்பட்டிப் பையன் எப்படி இருக்கான்?”

“அமைதியா இருக்கார் சார்.”

“குட். அதையே கொடுங்க. நான் வந்ததும் ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாம்.”

மறுநாள் காலை அவன் இருமுறை வாந்தி எடுத்தான். கழிப்பறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனான். அவள் மாத்திரையோடு வந்தபோது தலையை ஆட்டினான். நாக்கு குழறியது.

“வேணாம்... சிஸ்டர். இது... எனக்கு ஒத்துக்கலை.”

கொடுக்காமல் நிறுத்திவைத்து டாக்டரைக் கூப்பிட நர்ஸுக்கு உரிமை உண்டு. கடமையும் அதுதான். கையிலிருந்த மாத்திரையை அவள் ஒரு கணம் பார்த்தாள். பிறகு குழறுகிற அந்த வாயைப் பார்த்தாள்.

“நடிச்சது போதும். பிடிங்கம்மா அவன் கைய.”

சரஸ்வதி மகனின் இரண்டு கைகளையும் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். “முழுங்கிரு அப்பு, முழுங்கிரு. இன்னம் செத்த நாளுதேன்” என்று கெஞ்சினாள். பிரிஸ்கில்லா தாடையை அழுத்தித் திறந்து உள்ளே போட்டு, தண்ணீர் ஊற்றி, அவன் விழுங்கும்வரை வாயைப் பொத்தியிருந்தாள். “நாக்கத் தூக்கு” என்றாள். தூக்கினான். அதுவும் நடுங்கியது.

சாயங்காலம் அவன் கட்டிலிலிருந்து விழுந்தான். கண் மேலே செருகிக் கை கால் வெட்டி இழுத்தது. அன்று டாக்டர் வருகிற நாள். ஓடி வந்து பார்த்தவர் ஒரே கேள்விதான் கேட்டார்.

“என்ன சாப்பிடுறான்?”

“உப்பில்லாச் சோறு சாமி” என்று சரஸ்வதி முந்திக்கொண்டு சொன்னாள். நேர்ந்துகொண்டதைச் சொல்வதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது.

டாக்டர் பிரிஸ்கில்லாவின் பக்கம் திரும்பினார். மேனேஜரும் வந்து நின்றார்.

“சொன்னேன் சார்” என்றாள் பிரிஸ்கில்லா. “உப்பை நிறுத்தாதீங்க, மாத்திரை விஷமாயிரும்னு அன்னைக்கே சொன்னேன். கேக்கல. வேண்டுதலை விட்டுட்டோம்னு பொய் சொல்லிட்டாங்க.”

சரஸ்வதி அவளையே பார்த்தாள். மறுத்துப் பேசவில்லை. படித்தவர்கள் சொல்வதில் பாதி தனக்கு எப்போதுமே புரிந்ததில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

பார்க்க வந்து, காலையில் நடந்ததை வார்டில் கேட்டிருந்த அழகுராஜாதான் பேசினான். “பெத்தவளா நீ? கையப் பிடிச்சு வெசத்தக் குடுத்திருக்கியே.”

மதுரையில் அவன் ரத்தத்தைச் சுத்திகரித்தார்கள். உயிர் நின்றது. சிறுமூளை போனது போனதுதான் என்றார்கள். இனி அவனால் கள்ளுண்டவன்போல் கால் பரப்பித்தான் நடக்க முடியும். சொல் ஒவ்வொன்றாக இழுத்துத்தான் வரும். பூப் பறிக்க விரல் குவியாது.

ஆடி பிறந்த பிறகு சரஸ்வதி விட்டுப்போன பாத்திரங்களை எடுக்கத் தனியாக வந்தாள். அழகுராஜா அம்மாவோடு பேசுவதை நிறுத்தியிருந்தான். அவன் பெண்டாட்டி அசோக்குமாரின் சாப்பாட்டுத் தட்டைக்கூட அவளைத் தொடவிடுவதில்லை. கொட்டகைக்குப் பக்கத்தில் பிரிஸ்கில்லாவைப் பார்த்ததும் சரஸ்வதி கும்பிட்டாள்.

“ஒண்ணு கேக்கணும் சிஸ்டரு. நீங்க என்கிட்டச் சொன்னது நெனப்புக்கு வரவே மாட்டேங்குது. ராவும் பகலும் யோசிச்சுப் பாக்கேன். எப்பச் சொன்னீக? ஒருக்காச் சொல்லுங்க.”

சுற்றிலும் யாரும் இல்லை. வாசலில் ஆம்புலன்ஸ் டிரைவர் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் அவளையும் பிரிஸ்கில்லாவையும் தவிர வேறு ஒருவர் காதிலும் விழாது.

“நீங்க சோறு வடிச்சிக்கிட்டு இருந்தீங்க” என்றாள் பிரிஸ்கில்லா. “நான் அந்தத் தூணுகிட்ட நின்னேன். உப்பு போடுங்கம்மா, இல்லைன்னா பையனுக்கு ஆபத்துன்னு சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன்.”

சரஸ்வதி தூணைப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு அவள் முகம் மெல்ல இளகியது. தேடித் தேடிக் கிடைத்த ஒன்றைப் பார்ப்பவளைப்போல.

“ஆமா” என்றாள். “ஆமா, சொன்னீக. கஞ்சி கையில கொட்டிருச்சு, அதுல நாங் காதுல வாங்கல.”

“ஆமாம்மா” என்றாள் பிரிஸ்கில்லா. “கையில கொட்டிருச்சு.”