சடையப்பன் இடுப்பில் இருந்த பெட்டி

விடிந்தும் விடியாத நேரத்தில் பாலாற்றங்கரையோடு சடையப்பனும் அவன் மனைவி வேண்டாவும் தினமும் நடப்பார்கள். நடக்கச் சொன்னது செங்கல்பட்டு டாக்டர். தனியாக விடாதே, கூடவே போ என்று வேண்டாவிடம் சொன்னதும் அவர்தான். மாமல்லபுரத்துக்கு வேன் ஓட்டிக்கொண்டு போன சடையப்பன் திருக்கழுக்குன்றம் தாண்டியதும் ஸ்டியரிங்கிலேயே சாய்ந்துவிட்டான். வேன் வயலில் இறங்கி நின்றதால் ஆட்கள் பிழைத்தார்கள். நெஞ்சு நடுநடுவே அடிக்க மறந்துபோகிறது, அந்த நேரத்தைக் கையும் களவுமாகப் பிடித்தால்தான் வைத்தியம் என்றார் டாக்டர்.

பிடிப்பதற்குத்தான் அந்தப் பெட்டி. நெஞ்சில் ஒட்டிய வயர்கள் சட்டைக்குள்ளேயே இறங்கி இடுப்புப் பெட்டியில் சேரும். பெட்டிக்குள் ஒரு கேசட் மெதுவாகச் சுற்றி, ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதிந்துகொள்ளும்.

"எதையும் மாத்தாதீங்க. தினம் நடக்கிற மாதிரியே நடங்க" என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள்.

ஊரில் யாருக்கும் இது தெரியாது. நெஞ்சு நோய்க்காரன் என்று பேர் வந்துவிட்டால் எந்த முதலாளி வண்டிச் சாவி கொடுப்பான்? பெட்டி கட்டிய அன்று சாயங்காலம் டீக்கடையில், "இன்னா அண்ணாத்த, இடுப்புல பொடப்பா கீது?" என்று சின்னையன் கேட்டபோது, "இடுப்புப் பிடிப்புடா, பெல்ட்டு" என்று சிரித்துச் சமாளித்திருந்தான் சடையப்பன்.

சின்னையன் ஒரு காலத்தில் சடையப்பன் வண்டியில் கிளீனர். இப்போது ஆற்றில் திருட்டு மணல் அள்ளும் கும்பலுக்குத் தலைவன். போன வாரம்தான் போலீஸ் வந்து அவனுடைய லாரிகளைப் பிடித்துப் போயிருந்தது. காட்டிக்கொடுத்தவன் யாரென்று வெறி பிடித்துத் திரிந்துகொண்டிருந்தான்.

மறுநாள் காலை சின்னையனிடம் மிஞ்சியிருந்த ஒரே லாரி ஆற்றுக்குள் நின்றது. வேண்டா சடையப்பனின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மாமா, இன்னிக்கி வேற பக்கம் போலாம்."

"டாக்டர் மாத்தாதன்னு சொன்னாரில்ல? நட."

லாரியை நெருங்கும்போது சின்னையன் குறுக்கே வந்தான். "தெனம் இதே நேரம், இதே எடம். இன்னா அண்ணாத்த, லோடு எண்றியா?" என்றவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சட்டையைப் பிடித்து இழுத்தான். பொத்தான்கள் தெறித்தன. வயர்களைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. பெட்டியைத் திறந்தான்.

"டேய், கேசட்டு கீதுடா! நம்ம பேசறத பூரா புட்ச்சிகினு போறான்!"

முதல் குத்து வாயில் விழுந்தது. சடையப்பன் பல்லோடு ரத்தம் துப்பினான். சின்னையனின் ஆட்கள் இரண்டு பேர் அவனைக் கீழே தள்ளி வயிற்றில் உதைத்தார்கள். ஒருவன் மண்வெட்டிக் காம்பால் முழங்காலில் போட்டான். வேண்டா ஓடிவந்து மேலே விழுந்தாள். மயிரைப் பிடித்து அவளைத் தூக்கி எறிந்தார்கள்.

"அது நெஞ்சு மிஷினுடா! பாவிங்களா, ஆஸ்பத்திரில குட்த்தது!"

"நேத்து இடுப்புப் பிடிப்புன்னான், இன்னிக்கி நெஞ்சா? யாருக்குடி காது குத்தற?"

சின்னையன் ஒரு கருங்கல்லை எடுத்துக்கொண்டு பெட்டியின் மேல் குனிந்தான். அதே நேரம் சடையப்பனின் கண்கள் மேலே செருகின. உதடு நீலம் பூத்தது. டாக்டர் பிடிக்கச் சொன்ன நேரம் இதுதான் என்று வேண்டாவுக்குப் புரிந்தது. பெட்டி நொறுங்கிப்போனால் புருஷன் போனதுதான்.

கையில் அகப்பட்ட மண்வெட்டியை ஓங்கிச் சின்னையன் மணிக்கட்டில் இறக்கினாள். எலும்பு முறியும் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. கல் நழுவி விழுந்தது. அவன் ஆட்டுக்குட்டி மாதிரி அலறினான்.

"லாரில ஏத்துங்கடா!" மண்வெட்டி மறுபடி உயர்ந்தது. "இல்லேன்னா அடுத்தது மண்டைதான்."

லாரி டிரைவர் ஏசுதாஸ்தான் முதலில் ஓடிவந்து சடையப்பனின் காலைத் தூக்கினான். லாரியில் ஏற்றியிருந்த ஈர மணல் மேல் அவனைக் கிடத்தினார்கள். ஒரு வயர் தோலைப் பிய்த்துக்கொண்டு தொங்கியது. மற்றவை ஒட்டிக் கிடந்தன. வேண்டா பெட்டியை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். செங்கல்பட்டு வரைக்கும் அவன் அசைவற்றுப் போகும்போதெல்லாம் நெஞ்சில் முஷ்டியால் குத்தினாள். "செத்துப்போனே, கொன்னுடுவேன்யா!" என்று கத்திக்கத்திக் குத்தினாள். முன்னால் டிரைவர் பக்கத்தில் சின்னையன் கையைத் தாங்கிப் பிடித்து அழுதுகொண்டு வந்தான்.

மத்தியானம் டாக்டர் வந்து, துடிப்பு நின்ற இடங்கள் கேசட்டில் தெளிவாக விழுந்திருக்கின்றன, மெட்ராஸுக்கு அனுப்பி பேஸ்மேக்கர் வைத்துவிடலாம், பிழைத்துக்கொள்வான் என்றார். வேண்டா சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மாவுக்கட்டோடு சின்னையன் பக்கத்தில் வந்து குந்தினான். குரலைத் தணித்தான்.

"அண்ணி, நான் லாரிலேர்ந்து வியுந்துட்டேன்னு சொல்லிட்டேன். நீயும் அவரு மயங்கி வியுந்தாருன்னு சொல்லிடு. இல்லேன்னா உனுக்கும்தான் ஜெயிலு. நெஞ்சு சமாச்சாரமும் ஊர்ல தெரிஞ்சிடும்."

 அடிபட்ட கேஸ் என்று ஆஸ்பத்திரியில் கூப்பிட்டிருந்த போலீஸ்காரர் வார்டுக்குள் வருவதைப் பார்த்து வேண்டா எழுந்து நின்றாள்.

"சார், எழுதிக்கோங்க. எங்க வூட்டுக்காரருக்கு நெஞ்சு நோவு. மணல் அள்றவன், இந்தச் சின்னையன், ஆளுங்களோட சேர்ந்து அவர அடிச்சான். இவன் கைய உடைச்சது நான்தான். எல்லாத்தையும் எழுதிக்கோங்க."